இறங்காத நன்மை

ஒருவர் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கிவிட்டார் என்று எந்தக் கணத்தில் சொல்லலாம்? சாமியார் அப்பத்தைக் காட்டும்போது “ஆமென்” என்கிறோமே, அப்போதா? நாக்கில் வைத்ததுமா? தொண்டையைத் தாண்டியதுமா? இரைப்பையில் போய்ச் சேர்ந்தால்தான் வாங்கியதாகுமா? கூடங்குளத்தை அடுத்த கடற்கரை ஊர்களில் உபதேசியாராக இருந்து, புதுநன்மைப் பிள்ளைகளுக்கு வருடந்தோறும் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டதில்லை. கேட்டவர் என் அண்ணன் மனைவி, எங்கள் மைனி. அவர் கேட்ட விதம் வேறு: “ஆண்டவருக்கு எனக்குள்ள வரப் பிடிக்கலையோ தம்பி?”

மைனிக்குச் சோறு இறங்காது. “நெஞ்சுலயே நிக்கு, எறங்க மாட்டேங்கு” என்பார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். பிறகு எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, மூச்சை இழுத்துப் பிடிப்பார். அப்படி நின்றால் சில வேளை உள்ளே ஏதோ வழுக்கி இறங்கும். போகப்போகக் கஞ்சியும் நின்றது, வெறுந்தண்ணீரும் நின்றது. ராத்திரி படுத்தால் மத்தியானம் சாப்பிட்டது தலையணைக்கு வரும். அது புளித்திருக்காது, நாறாது. பருக்கை பருக்கையாகத் தின்றபடியே இருக்கும். இரைப்பைக்குப் போகவே இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்தச் சாட்சியை யாரும் கேட்கவில்லை. கேஸ் டிரபிள் என்று மாத்திரை தந்தார்கள். ஒரு இடத்தில் எண்டோஸ்கோப்பி பார்த்து, புண்ணுமில்லை கட்டியுமில்லை, மனசுதான் காரணம் என்று அனுப்பிவிட்டார்கள். இந்த நோயின் தொடக்கத்தில் எண்டோஸ்கோப்பி சுத்தமாகத் தெரிவது உண்டு என்பதைப் பின்னால்தான் அறிந்தோம். உவரி அந்தோனியார் கோயிலில் போய்த் தங்கினார். பிப்ரவரி 3, தொண்டை நோய்க்குப் பாதுகாவலரான புனித பிளேசியுஸ் திருநாள். இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகக் கட்டிக் கழுத்தில் வைத்து மந்திரிக்கும் வழக்கம் திருச்சபையில் உண்டு. அதையும் வாங்கினார். சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு உடம்பு வற்றியது.

இதற்கிடையில் மைனி நன்மை வாங்குவதை நிறுத்தினார். பூசைக்கு வருவார், கடைசித் தூணருகே இருப்பார், வரிசையில் போகமாட்டார். காரணம் பயம். ராத்திரி அப்பமும் தலையணைக்கு வந்துவிட்டால்? ஆண்டவரைத் துப்பியதாகாதா? இந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை; சொல்லக்கூடியதாகவும் அது இல்லை. ஆனால் கடற்கரை ஊரில் நன்மைக்குப் போகாத பெண்ணை நாலு பேர் பார்ப்பார்கள். என்ன பாவத்தை உள்ளே வைத்திருக்கிறாளோ என்று பேச்சு எழும். எழுந்தது. போதாக்குறைக்கு ஒரு தியானக் கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தை எடுத்தார். தகுதியில்லாமல் உண்பதால்தான் உங்களில் பலர் வலுவற்றும் நோயுற்றும் கிடக்கிறீர்கள் என்று பவுல் சொல்லும் பகுதி. மைனி அன்று வீட்டுக்கு வந்து படுத்தவர் மறுநாள்தான் எழுந்தார்.

அந்தப் பகுதியை எடுத்து நோயாளியை அடிக்கிறவர்கள், அதற்கு முன்னால் இருப்பதைப் படிக்க வேண்டும். கொரிந்துச் சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று குடித்தார்கள்; வேலை முடிந்து பிந்தி வந்த ஏழைகள் பட்டினி கிடந்தார்கள். பவுலின் கோபம் அதன்மேல். அதிகாரத்தை முடிக்கும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார். யாருக்கு விழுங்க முடிகிறது, யாருக்கு முடியவில்லை என்பது அங்கே பேச்சே இல்லை. அப்படிப் பார்த்தால் பவுல் கண்டித்த குற்றம், தூணருகே தனியாக நின்றவரைக் காத்திராமல் வரிசையில் போன எங்கள்மேல்தான் விழும். இந்த அதிகாரத்தோடு யோவான் 9-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பிறவியிலேயே பார்வையற்றவனைப் பார்த்து, இவன் பாவமா இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று சீடர்கள் கேட்டதற்கு, இரண்டும் இல்லை என்றார் இயேசு. நோய்க்குக் கணக்குப் பார்க்கும் பழக்கத்தை அங்கேயே வெட்டிவிட்டார். இரண்டாயிரம் வருடம் கழித்தும் நாம் அந்தக் கணக்குப் புத்தகத்தை மூடவில்லை.

இதையெல்லாம் மைனியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் வசனத்தால் வந்த காயம் வேறொரு வசனத்தால் ஆறுவதில்லை. ஆற்றியது, அல்லது ஆற வழிவிட்டது, மதுரையில் எடுத்த ஒரு அழுத்தச் சோதனை. மேனோமெட்ரி என்கிறார்கள். உணவுக்குழாயிலும் அதன் மேல் வாசல் கீழ் வாசல்களிலும் எவ்வளவு அழுத்தம், எந்த நேரத்தில் என்று அளப்பது.

முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி. “நன்மைக்கு ஒரு மணி நேரம் ஒருசந்தி, இதுக்கு இம்புட்டு நேரமா?” என்று மைனி கேட்டது நினைவிருக்கிறது. அவருடைய மாமியார் காலத்தில் நள்ளிரவிலிருந்து பச்சைத்தண்ணீர் படாமல்தான் நன்மை வாங்கினார்கள். 1953-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீர் குடித்தால் ஒருசந்தி கெடாது என்றார். 1957-இல் அதை மூன்று மணி நேரமாக்கினார். 1964-இல் ஆறாம் பவுல் ஒரு மணி நேரமாகக் குறைத்தார். முதியவருக்கும் நோயாளிக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கும் அந்த ஒரு மணி நேரமும் இல்லை. திருச்சபை உடம்பைப் பார்த்து இறங்கி வந்த வரலாறு இது. இதைச் சொன்னபோது மைனி சிரித்தார்.

மூக்கில் மரமரக்கும் ஜெல்லி தடவி, நாலு மில்லிமீட்டர் பருமனுள்ள குழாய் ஒன்றை மூக்கு வழியாக இரைப்பைவரை இறக்கினார்கள். குழாயில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக 36 உணரிகள். படுக்கவைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் வாயில் 5 மில்லி தண்ணீர் விட்டு விழுங்கச் சொல்கிறார்கள்; அரை நிமிடம் பொறுத்து மறுபடி; இப்படிப் பத்து முறை. கணினித் திரையில் குறைந்த அழுத்தம் நீலமாகவும் கூடிய அழுத்தம் சிவப்பாகவும் விழுகிறது. இந்த வண்ணப்படம் 1990-களில் அமெரிக்க மருத்துவர் ரே கிளவுஸ் உருவாக்கிய முறை. ஆனால் விழுங்குவதை அளக்கும் ஆசை அதற்கு நூறு வருடம் மூத்தது. 1880-களில் பெர்லினில் குரோனெக்கரும் மெல்ட்சரும் பலூன் கட்டிய குழாய்களைத் தொண்டைக்குள் விட்டு, விழுங்கும்போது எழும் அழுத்தத்தைப் பதிவு செய்தார்கள்.

நல்ல உடம்பில் அந்தப் படம் எப்படி இருக்கும் என்று டாக்டர் முதலில் காட்டினார். மேலே ஒரு சிவப்புப் பட்டை, கீழே ஒரு சிவப்புப் பட்டை. இரண்டு வாசல்களும் சும்மா இருக்கும்போது மூடியே இருக்கின்றன. விழுங்கியதும் மேல்பட்டை சட்டென்று அறுபடுகிறது. அங்கிருந்து ஒரு சிவந்த கோடு சாய்வாகக் கீழே இறங்குகிறது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் அலை அது, ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் தூரத்துக்கு. நான் மலைத்துப்போய் நின்றது கீழ்ப்பட்டையைப் பார்த்துத்தான். அலை வந்து சேரும்வரை அது காத்திருப்பதில்லை. தொண்டையில் விழுங்கல் தொடங்கிய ஓரிரண்டு விநாடியிலேயே, வரவேண்டியது இன்னும் மேலே இருக்கும்போதே, சிவப்பு வெளுத்து நீலமாகிறது. தாமிரபரணிக் கால்வாயின் மடையை ஒருவர் பலகை தூக்கித் திறக்க வேண்டும். இந்த வாசலை யாரும் தூக்குவதில்லை. பிடித்திருந்த பிடியை அது தானாக விடுகிறது.

மைனியின் படத்தில் மேல்வாசல் ஒவ்வொரு முறையும் திறந்தது. அதற்குக் கீழே சாய்வுக் கோடு இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே நேரத்தில் நிமிர்ந்த ஒரு பட்டை எழுந்தது. போக வழியில்லாமல் அடைபட்ட தண்ணீரின் அழுத்தம். கீழ்ப்பட்டை சிவந்தபடியே நின்றது, பத்து முறையும். நோயின் பெயர் அகலேசியா, அதில் இரண்டாம் வகை. விழுங்கியபின் கீழ்வாசலில் மிஞ்சும் அழுத்தம் அந்தக் கருவியின் கணக்கில் 15 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்க வேண்டும். மைனிக்கு முப்பதைத் தாண்டியிருந்தது.

மைனியின் மூத்த மகன் அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வேலையில், இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் இருக்கிறான். அழுத்தம் என்ற பேச்சு எடுத்தால் அவனுக்கு முதல் கேள்வி, எதற்கு எதிராக அளக்கிறீர்கள் என்பது. இரைப்பைக்குள் இருக்கும் அழுத்தத்தைச் சுழியமாக வைத்து அளக்கிறோம் என்றார் டாக்டர். அவன் தலையாட்டினான். ஊருக்குத் திரும்பும் வழியில், வள்ளியூர் தாண்டிக் காற்றாலைகள் தெரியத் தொடங்கும் இடத்தில் சொன்னான்: “சித்தப்பா, எங்க ரியாக்டர்ல தண்ணி கொதிக்காம இருக்கணும்னு, வெளிக்காத்தைப்போல நூத்தி அம்பத்தஞ்சு மடங்கு அழுத்தத்துல பிடிச்சு வச்சிருக்கு. அம்மைக்கு வழியை அடைச்சது வெளிக்காத்துல அம்பதுல ஒரு பங்கு கூடுதல். அவ்வளவுதான்.” கணக்கு சரி, வெளிக்காற்று 760 மில்லிமீட்டர் பாதரசம். அந்த ஐம்பதில் ஒரு பங்குக்குத்தான் ஊர் ஒரு பாவத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

அந்த எண் கடவுளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது சொன்னது தண்ணீரைப் பற்றி. ஒரு சிரிஞ்சுத் தண்ணீர், யாரும் மந்திரிக்காத குழாய்த் தண்ணீர், அதுவும் அந்த வாசலில்தான் நின்றது. கஞ்சிக்கும் நெத்திலிக் குழம்புக்கும் அப்பத்துக்கும் ஒரே மறுப்பு. ஆண்டவரை மட்டும் தள்ளிய உடம்பாக இருந்தால் மைனியின் கேள்விக்கு ஒரு நியாயம் இருக்கும். இது எல்லாவற்றையும் தள்ளியது. குழாயின் சுவருக்குள் சில நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விட்டுத் தசையைத் தளரச் சொல்கின்றன. (உடம்பில் அந்த வாயு செய்யும் தூதுவேலையைக் கண்டவர்களுக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.) அந்த அணுக்கள் அழிந்துபோனால் தளரச் சொல்ல ஆளில்லை. லட்சம் பேரில் ஒருவருக்கு ஒரு வருடத்தில் புதிதாக வரும் நோய். கடவுள்மேல் நாங்கள் சுமத்தியிருந்த ஒரு அவதூறை அந்தச் சோதனை இறக்கி வைத்தது. இறைவனை நம்புகிறவர்கள் அளவுகருவியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இங்கே புனித அகுஸ்தினாரோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. ‘கடவுளின் நகரம்’ நூலின் 14-ஆம் புத்தகத்தில் அவர், உடம்பு மனத்துக்குக் கீழ்ப்படியாமல் போனது ஆதிப்பாவத்தின் தண்டனை என்கிறார். தோட்டத்தில் இருந்த மனிதனுக்கு உறுப்புகள் எல்லாம் சொன்னபடி கேட்டிருக்கும் என்று காட்ட, வினோதத் திறமையுள்ள ஆட்களை எடுத்துக்காட்டுகிறார். காதை ஆட்டுபவர் ஒருவர். கண்டதையெல்லாம் விழுங்கி, வயிற்றை லேசாக அழுத்தி, பையிலிருந்து எடுப்பதுபோல் வேண்டியதை முழுசாக வெளியே கொண்டுவருபவர் இன்னொருவர். அகுஸ்தினார் பெரியவர். ஆனால் விழுங்கும் விஷயத்தில் அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. விழுங்குவதில் நம் வசம் இருப்பது தொண்டைவரைதான். அதற்குக் கீழே ஒரு சாணுக்கு மேலான வழி முழுவதும் நம் சித்தத்தைக் கேட்காமல் நடக்கிறது. கேட்டு நடந்தால் தூக்கத்தில் ஊறும் எச்சில்கூட இறங்காது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை வாசலைத் திறக்கக் கற்றுக்கொள்ளும்வரை பிழைக்காது. கீழ்வாசல் நமக்குக் கீழ்ப்படியாமல் இருப்பதை நான் தண்டனை என்று சொல்லமாட்டேன். அது நம்மைச் சுமந்துகொண்டு போகிற ஒரு கிருபை. அந்தக் கிருபை மைனிக்கு அறுந்துபோனது. ஏன் அவருக்கு என்று கேட்டால், யோவான் 9-இல் இயேசு மறுத்த அதே கேள்வியைத்தான் திரும்பக் கேட்கிறோம்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். நன்மை வாங்குவது எங்கே முடிகிறது? மனிதன் மனதார ஒப்புக்கொடுக்க முடிந்த எல்லைவரைதான் அவனிடம் கணக்குக் கேட்க முடியும். அந்த எல்லை தொண்டை. அதற்கப்பால் வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரும், திடகாத்திரமான மீனவனும் பத்து வயதுப் பிள்ளையும், ஆண்டவரைத் தன் சொல் கேளாத ஒரு வழியில் ஒப்படைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த வழி கேட்காமலே திறப்பதால் அவர்களுக்கு அது தெரிவதில்லை. மைனிக்கு மட்டும் தெரிந்திருந்தது. நம்பி ஒப்படைப்பது என்றால் என்ன என்று எங்கள் பங்கில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை என்றே சொல்வேன்.

திருச்சபை இதை யோசிக்காமல் இல்லை. உடைத்த அப்பத்தின் ஒவ்வொரு துணுக்கிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்று திரெந்து பொதுச்சங்கம் 1551-இல் வரையறுத்தது. ஆகவே நகக்கண் அளவு துணுக்கு போதும், குறை ஒன்றும் இல்லை. அப்பமே இறங்காதவருக்கு இரச வடிவில் மட்டும் கொடுக்கலாம் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 925-ஆம் எண்ணில் சொல்கிறது. வாந்தியாக வந்துவிட்டால்? 1570-இல் ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட பூசைப் புத்தகத்தின் முன்பகுதியில் அதற்கும் விதி இருக்கிறது: அப்பம் அடையாளம் தெரிந்தால் பயபக்தியோடு மறுபடி உட்கொள்வது, குமட்டினால் தனியே எடுத்துப் புனிதமான இடத்தில், அது கரைந்து கெடும்வரை வைத்திருப்பது, தெரியாவிட்டால் வந்ததை எரித்து, சாம்பலை அதற்கென்றுள்ள குழியில் கொட்டுவது. பூசை வைத்த குருவுக்கே இது நேரலாம் என்று எண்ணி எழுதிய விதி. அருவருப்போ மிரட்டலோ அதில் இல்லை. துணியை நனைத்துத் துடைக்கிறவரின் பொறுமைதான் அதில் இருக்கிறது. இந்தப் பகுதியை மைனியிடம் நான் தமிழில் சொன்னபோது, “அப்போ சாமியாருக்கும் வருமா?” என்று கேட்டார். வரும் என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

எல்லாம் நரம்பும் வாயுவும் என்றாகிவிட்டால் ஆண்டவருக்கு அங்கே என்ன வேலை என்று எங்கள் வாலிபர் சபையில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. 1674-இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் இதே நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். திமிங்கில எலும்பில் ஒரு குச்சி செய்து, நுனியில் கடற்பஞ்சு கட்டிக் கொடுத்தார். நோயாளி ஒவ்வொரு வேளையும் தின்றதை அந்தக் குச்சியால் தானே கீழே தள்ளிக்கொண்டு, பதினைந்து வருடம் உயிரோடு இருந்தார். பஞ்சு கட்டிய கோல் என்று வாசித்ததும் சிலுவையடியில் நீட்டப்பட்ட கோல்தான் என் மனதில் வந்தது. தாகமாயிருக்கிறது என்று சொன்னவர் ஆண்டவர். உலர்ந்த தொண்டையோடு, விழுங்க முடியாத நிலையில் இருந்தவர். அவருடைய வேலை அங்கே வாசலைத் திறப்பதா மூடுவதா என்று நான் தேடவில்லை. மைனி இருந்த இடத்தில் அவரும் இருந்திருக்கிறார் என்பது எனக்குப் போதுமானது. அந்தப் பையனுக்கு அது போதவில்லை, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மைனிக்கு மூன்று சென்டிமீட்டர் விரியும் பலூனை வைத்துக் கீழ்வாசலை விரித்துவிட்டார்கள். இரண்டாம் வகைக்கு அது நன்றாகக் கேட்கும். செத்துப்போன நரம்பணு திரும்பாது, அலையும் திரும்பாது. இனி சோறு அதன் கனத்தாலும் தண்ணீராலும்தான் இறங்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து உண்கிறார், கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைத்துப் படுக்கிறார். மீண்டும் நன்மை வாங்குகிறார், துணுக்காக.

வாங்காமல் இருந்த வருடங்கள் மட்டும் அவரை விடவில்லை. அவை வீணா என்று கேட்டார். திரெந்துச் சங்கம் நன்மை வாங்குவதை மூன்று விதமாகப் பிரித்திருப்பதைச் சொன்னேன். வாயால் மட்டும் வாங்குபவர்கள், ஆசையால் மனத்தில் மட்டும் வாங்குபவர்கள், இரண்டு வகையிலும் வாங்குபவர்கள். நீங்கள் அந்த வருடமெல்லாம் இரண்டாவது கூட்டத்தில் இருந்தீர்கள் மைனி, தூணருகில் நின்றபடியே வாங்கிக்கொண்டுதான் இருந்தீர்கள் என்றேன்.

“அது உங்க புஸ்தகத்துல உள்ளது தம்பி,” என்றார். “எனக்குப் பசிச்சுதே.”

அதற்குப் பிறகு பங்குச்சாமியாரிடம் பேசினேன். வரிசைக்கு வராதவர்களின் வீட்டுக்கு இப்போது போகிறேன். போனதும் நான் முதலில் கேட்பது சோறு இறங்குதா என்பதைத்தான்.